எட்டுத் துண்டுப் பட்டு

நுழையும்முன்

மாரடைப்பிலிருந்து மீண்டவர் உடலை அசைக்கலாமா, படுத்தே இருக்க வேண்டுமா? இக்கேள்விக்கு மருத்துவம் சொன்ன விடை நூறாண்டுக்குள் தலைகீழாக மாறியிருக்கிறது. அந்த மாற்றத்தில் சீன நாட்டின் பழைய உடற்பயிற்சிகளுக்கும் ஓர் இடம் கிடைத்திருக்கிறது. அப்பயிற்சிகளுள் ஒன்று பட்டின் பெயரைத் தாங்கியது. அதற்கும் பட்டு நகராகிய காஞ்சிக்கும் உறவு உண்டா? இதயம் நலிந்தோர்க்கு அது உண்மையிலேயே உதவுகிறதா? இவ்விரு வினாக்களும் வேறு வேறானவை என்பதை இப்பாடம் விளக்குகிறது.

தறி மூடிய வீடு

காஞ்சிபுரத்தில் பிள்ளையார்பாளையம் போன்ற நெசவாளர் தெருக்களில் தறியோசை கேட்டே பொழுது விடியும். குழித்தறியில் அமர்பவர் இடுப்புக்குக் கீழே குழிக்குள் காலைத் தொங்கவிட்டு, மிதிபலகையை மாறி மாறி மிதிப்பார். கை நாடாவை ஓட்டும். கண் பாவிலேயே நிலைத்திருக்கும். கோர்வைச் சேலை என்றால் உடலுக்கு ஒரு நாடா, இருபுறக் கரைகளுக்கு இரண்டு நாடா என மூன்று நாடாக்கள் ஓட வேண்டும். ஒருவரால் ஆகாது, துணையாள் வேண்டும். ஒருவர் படுத்தால் இருவர் வேலை நின்றுவிடும்.

அப்படிப்பட்ட ஒரு வீட்டில் ஐம்பது வயதைக் கடந்த நெசவாளர் ஒருவர் மாரடைப்பு வந்து, மருத்துவமனையில் தேறி வீடு திரும்பியிருக்கிறார் எனக் கொள்வோம். தண்ணீர்க் குடத்தைத் தொடாதே, படியேறாதே, எழுந்து நடக்காதே என்று வீட்டார் அன்போடு கட்டளையிடுவர். தறியின் மேல் பழைய வேட்டி ஒன்று போர்த்தப்படும். நெஞ்சில் சிறிய குத்தல் எழுந்தாலும் அது முன்போல் ஆகிவிடுமோ என்று அவரும் அஞ்சுவார். நாளடைவில் கட்டிலே அவருடைய இடமாகிவிடும். இங்கே யாரும் தீங்கு நினைக்கவில்லை. ஆனால், அந்த அன்பு அவருக்கு நன்மை செய்கிறதா?

படுக்கையிலிருந்து நாற்காலிக்கு

இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் மருத்துவர்களும் அவ்வீட்டாரைப் போலவே எண்ணினர். மாரடைப்பு நோயாளரை ஆறு வாரங்கள்வரை படுக்கையிலேயே வைத்திருந்தனர். சில இடங்களில் தாமே உணவை எடுத்து உண்ணவும் விடவில்லை. 1952ஆம் ஆண்டில் பாஸ்டன் நகர மருத்துவர்களாகிய சாமுவேல் லெவினும் பெர்னார்டு லௌனும் இதற்கு மாறான ஒன்றைச் செய்தனர். நோயாளரைத் தொடக்க நாள்களிலேயே படுக்கையிலிருந்து எழுப்பி, சாய்வு நாற்காலியில் அமர்த்தினர். இன்றைக்கு இது மிகச் சிறிய செயலாகத் தோன்றும். அன்றோ சக மருத்துவர்களே அதைக் கடுமையாக எதிர்த்தனர்.

அடுத்த ஆண்டில் இலண்டனிலிருந்து மற்றொரு செய்தி வந்தது. ஜெர்ரி மோரிஸ் என்னும் மருத்துவ ஆய்வாளரும் அவருடைய குழுவினரும் ஏறத்தாழ 31,000 போக்குவரத்துத் தொழிலாளரை ஆராய்ந்தனர். இலண்டனின் மாடிப் பேருந்துகளில் நாள் முழுதும் அமர்ந்திருக்கும் ஓட்டுநர்களைக் காட்டிலும், படிகளில் ஏறி இறங்கிப் பயணச்சீட்டு கொடுக்கும் நடத்துநர்களுக்கு இதய நோய் குறைவாகவே வந்தது. நெசவாளரும் அமர்ந்தே உழைப்பவர்தாம். எனினும் பேருந்து ஓட்டுநர் பற்றிய முடிவை அப்படியே தறிக்குழிக்குக் கொண்டுவந்துவிட முடியாது. நெசவாளரின் காலும் கையும் ஓயாமல் இயங்குகின்றன. அதற்குத் தனி ஆய்வு வேண்டும்.

1966இல் அமெரிக்காவின் டல்லாஸ் நகரில் நிகழ்ந்த ஓர் ஆய்வு இன்னும் வியப்பானது. உடல்நலம் மிக்க ஐந்து இளைஞர்களை மூன்று வாரங்கள் படுக்கையில் கிடத்தினர். கடும் உழைப்பின்போது உடல் பயன்படுத்தக்கூடிய ஆக்சிஜனின் உச்ச அளவு, அவர்களுக்கு நான்கில் ஒரு பங்குக்கும் மேல் குறைந்துபோயிற்று. முப்பது ஆண்டுகள் கழித்து அதே ஐவரையும் மீண்டும் சோதித்தனர். முப்பதாண்டு மூப்பு அவர்களின் உழைப்புத் திறனைக் குறைத்த அளவு, இளமையில் மூன்று வாரப் படுக்கை குறைத்த அளவைவிடக் குறைவாகவே இருந்தது! நோயற்ற இளைஞருக்கே இந்நிலை என்றால், கட்டிலில் நாளைக் கழிக்கும் நம் நெசவாளரின் உடல் எப்படித் தளர்ந்திருக்கும் என்பதை எண்ணிப் பார்க்கலாம்.

அசைவு என்ன செய்கிறது?

இதயம் நாளொன்றுக்கு ஏறத்தாழ ஓர் இலட்சம் முறை துடிக்கிறது. ஓய்வாக இருக்கும்போதும் நிமிடத்துக்குச் சுமார் ஐந்து லிட்டர் குருதியை வெளியே தள்ளுகிறது. இவ்வேலையில் அதற்குத் துணைநிற்பவை கெண்டைக்கால் தசைகள். நடக்கும்போது அவை சுருங்கிச் சிரைகளை அழுத்துவதால் காலில் தேங்கும் குருதி மேலேறி இதயத்தை அடைகிறது. தொடர்ந்து பயிற்சி பெற்ற தசைகள், தம்மிடம் வரும் குருதியிலிருந்து கூடுதலாக ஆக்சிஜனை எடுத்துக்கொள்ளப் பழகுகின்றன. எனவே அதே வேலைக்கு இதயம் முன்னைவிடக் குறைவாக உழைத்தால் போதும். குருதிக் குழாய்களின் உட்படலமும் ஓட்டம் மிகும்போது நைட்ரிக் ஆக்சைடைச் சுரந்து குழாயைத் தளர்த்துகிறது. ஆக, பயிற்சியின் பயன் இதயத்துக்கு வெளியேயும் பெரிதாக விளைகிறது. இதயத்தசையில் வடுப்பட்ட பகுதி பயிற்சியால் மீண்டும் உயிர்பெறாது. ஆனால் எஞ்சிய தசையின் சுமை குறையும்.

அப்படியானால் எவ்வாறு அசைவது? நடையே யாவர்க்கும் எளிது. ஆயினும் முழங்கால் வலி உடையோரும், மூச்சு வாங்குமோ என்று விரைந்து நடக்க அஞ்சுவோரும் பலர். அவர்களுக்கு ஏற்ற மெதுவான பயிற்சிகளைத் தேடிய மருத்துவர்களின் பார்வை, சீனப் பூங்காக்களில் முதியோர் விடியற்காலையில் செய்யும் பயிற்சிகளின்மீது விழுந்தது.

பட்டில் எழுதிய உடல்கள்

சீனத்தின் ஹுனான் மாநிலத்தில் மாவாங்துய் என்னும் இடத்தில் கி.மு. 168இல் மூடப்பட்ட கல்லறை ஒன்று 1973இல் அகழப்பட்டது. அதில் கிடைத்த பொருள்களுள் ஒன்று பட்டுத் துணியில் தீட்டிய ஓவியம். ஆணும் பெண்ணும், முதியோரும் இளையோருமாக நாற்பத்து நான்கு உருவங்கள் அதில் வரிசையாக நிற்கின்றன. ஒருவர் கையை உயர்த்துகிறார், ஒருவர் குனிகிறார், ஒருவர் பறவைபோல் கைகளை விரிக்கிறார். உடற்பயிற்சியைப் படமாக்கிய மிகப் பழைய சான்றுகளுள் இதுவும் ஒன்றாகும். அது பட்டில் இருந்தமை தற்செயலே. அக்காலத்தில் சீனர் எழுதவும் வரையவும் பட்டைப் பயன்படுத்தினர்.

பிற்காலத்தில் தோன்றிய பயிற்சி ஒன்று பட்டின் பெயரையே பெற்றது. அது 'பாதுவான்ஜின்' எனப்படுகிறது. 'பா' என்பது எட்டு. 'துவான்' என்பது துண்டு. 'ஜின்' என்பது வேலைப்பாடு மிகுந்த பட்டு. எட்டுத் துண்டுப் பட்டு எனத் தமிழில் சொல்லலாம். பன்னிரண்டாம் நூற்றாண்டைச் சேர்ந்த சீன நூலொன்றில் இப்பெயர் காணப்படுகிறது. சரிகைப் பட்டைப் போல மதிப்புடைய எட்டு அசைவுகள் என்பது பெயரின் கருத்து.

அவ்வெட்டில் முதலாவது, விரல்களைக் கோத்து இரு கைகளையும் வானத்தைத் தாங்குவதுபோல் மேலே உயர்த்துவது. அடுத்தது, முழங்காலை மடக்கி நின்று இருபுறமும் வில்லை வளைப்பதுபோல் கையை இழுப்பது. பின்னர் ஒரு கை மேலும் ஒரு கை கீழுமாக நீட்டல், கழுத்தைத் திருப்பிப் பின்னே நோக்கல், தாழ்ந்து நின்று தலையையும் இடுப்பையும் அசைத்தல், குனிந்து பாதத்தைத் தொடல், கைகளை முட்டியாக்கிக் குத்துவதுபோல் நீட்டல் என அமையும். குதிகாலை ஏழு முறை உயர்த்தி இறக்குவதோடு முடியும். முழுவதும் செய்யக் கால்மணி நேரம் போதும். கருவி வேண்டா, ஓர் ஆள் கையை விரித்து நிற்கும் இடம் இருந்தால் போதும். தறியே பாதி இடத்தை அடைத்துக்கொண்ட வீட்டிலும் அவ்வளவு இடம் கிடைக்கும்.

ஐந்தாம் அசைவின் சீனப் பெயருக்கு 'இதயத் தீயை நீக்குதல்' என்பது பொருள். இதைக் கண்டு, இதய நோய்க்கென்றே அமைந்த அசைவு என எண்ணிவிடல் கூடாது. அது பழஞ்சீன மருத்துவத்தின் கலைச்சொல். மன அமைதியின்மை முதலியவற்றைக் குறிப்பது. உண்மையில், தலை தாழும் ஐந்தாம், ஆறாம் அசைவுகளில்தான் இதய நோயாளர் மிகுந்த கவனம் கொள்ள வேண்டும். குருதி அழுத்தத்துக்கு மாத்திரை உண்பவர் குனிந்து நிமிரும்போது தலைசுற்றல் வரக்கூடும். ஏழாம் அசைவில் முட்டியை இறுக்கி மூச்சை அடக்கினால் குருதி அழுத்தம் உயரும். பெயரைக் காட்டிலும் உடலில் நிகழ்வதே முதன்மையானது.

தெரிந்து தெளிவோம்

தாய்ச்சி என்னும் பயிற்சி பதினேழாம் நூற்றாண்டில் ஹுனான் மாநிலத்திலிருந்து வேறான ஹெனான் மாநிலத்துச் சென் குடும்பத்தாரின் ஊரில் தற்காப்புக் கலையாக வளர்ந்தது. 1956இல் சீன அரசு, பொதுமக்கள் எளிதில் கற்கும் வகையில் இருபத்து நான்கு அசைவுகள் கொண்ட சுருக்க வடிவத்தை உருவாக்கியது. 2020இல் யுனெஸ்கோ இக்கலையை மனித குலத்தின் மரபுச் செல்வங்களுள் ஒன்றாக அறிவித்தது. சென் மரபின் அடிப்படைப் பயிற்சிக்குப் பட்டுநூல் சுற்றுதல் என்று பெயர். பட்டுப்புழுக் கூட்டிலிருந்து ஏறத்தாழ ஒரு கிலோமீட்டர் நீள இழையை உருவுவோர், வெடுக்கென இழுத்தால் இழை அறும். கையை நிறுத்தினால் சிக்கும். அதே சீரான வேகத்தில் கையும் இடுப்பும் சுழல வேண்டும் என்பது ஆசான்கள் கற்பிக்கும் முறை.

காஞ்சிக்கு உரிய பங்கு

சீனப் பயிற்சிகளைப் பற்றிப் பேசும்போது காஞ்சியில் உடனே எழும் பெயர் போதிதருமர். பல்லவ இளவரசராகிய அவர் காஞ்சியிலிருந்து சீனம் சென்று, சாவோலின் மடத்துத் துறவியருக்கு உடற்பயிற்சியைக் கற்பித்தார் என்று கூறுவர். திரைப்படமும் அக்கதையைப் பட்டிதொட்டியெங்கும் கொண்டுசேர்த்தது. கேட்கப் பெருமிதமாகத்தான் இருக்கிறது.

ஆவணங்கள் சொல்வது சற்று வேறானது. போதிதருமரைக் குறிப்பிடும் மிகப் பழைய சீனக் குறிப்பு கி.பி. 547ஐச் சார்ந்தது, அது அவரை மேற்கு நாட்டவர் என்கிறது. ஏழாம் நூற்றாண்டுக் குறிப்பு தென்னிந்தியர் என்கிறது. தென்னிந்திய மன்னர் ஒருவரின் மூன்றாம் மகன் என்னும் செய்தி பதினோராம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எழுந்த நூலில் விளங்குகிறது. அவர் எழுதியதாகச் சொல்லப்படும் தசைநார்ப் பயிற்சி நூலை ஆய்வாளர் பதினேழாம் நூற்றாண்டினதாகக் கணிக்கின்றனர். அதாவது, அவர் வாழ்ந்ததாகக் கருதப்படும் காலத்துக்கு ஆயிரம் ஆண்டுகளுக்குப் பிற்பட்டது. ஆகவே அவர் காஞ்சியில் பிறந்திருக்கலாம் என்பதை ஒரு மரபாக ஏற்கலாம். இப்பயிற்சிகளைக் காஞ்சியே சீனத்துக்குக் கொடுத்தது என்பதற்குச் சான்று இல்லை.

காஞ்சிக்கும் சீனத்துக்கும் இடையே ஐயமற்ற உறவுகள் வேறு உள்ளன. ஏறத்தாழ கி.பி. 640இல் யுவான் சுவாங் காஞ்சிக்கு வந்து, நூற்றுக்கு மேற்பட்ட பௌத்த மடங்களும் பத்தாயிரம் துறவியரும் அங்கே இருந்ததாக எழுதினார். கைலாசநாதர் கோயிலைக் கட்டிய இராசசிம்ம பல்லவன் கி.பி. 720இல் சீனப் பேரரசனுக்குத் தூது அனுப்பினான். இவை போதாவென்று எண்ணிப் பெருமையைக் கூட்ட வேண்டியதில்லை. மேலும், ஒரு பயிற்சி எவ்வூரில் பிறந்தது என்பது நம் நெசவாளரின் நெஞ்சுவலிக்கு விடையாகாது. அதற்கு வேறு வகைச் சான்று வேண்டும்.

எண்ணிப் பார்த்த சான்றுகள்

1996இல் இங்கிலாந்தின் செபீல்டு நகரில் மாரடைப்பிலிருந்து மீண்ட 126 பேரை மூன்று குழுவாகப் பிரித்து எட்டு வாரங்கள் கவனித்தனர். ஒரு குழு தாய்ச்சியும் மற்றொரு குழு விரைவுப் பயிற்சியும் செய்தன. மூன்றாம் குழுவினர் கூடிப் பேசினர். பயிற்சி செய்த இரு குழுக்களிலும் குருதி அழுத்தத்தின் மேல் அளவு குறைந்தது. கீழ் அளவு தாய்ச்சிக் குழுவில் மட்டும் குறைந்தது. என் பார்வையில் இதைவிடச் சுவையான செய்தி வேறொன்று உண்டு. தாய்ச்சிக் குழுவில் நூற்றுக்கு 82 பேரும், விரைவுப் பயிற்சிக் குழுவில் 73 பேரும் இறுதிவரை வந்தனர். கூடிப் பேசிய குழுவிலோ 8 பேரே நிலைத்தனர். நல்ல மருந்தும் உண்பவர்க்கே பயன்படும், பயிற்சியும் அத்தகையதே.

2011இல் பாஸ்டனைச் சேர்ந்த குளோரியா யே என்னும் மருத்துவரின் குழு, இதயச் செயலிழப்பு உடைய 100 பேரை ஆராய்ந்தது. பாதிப் பேர் பன்னிரண்டு வாரங்கள் தாய்ச்சி பயின்றனர்; மீதிப் பேர் நலக் கல்வி பெற்றனர். ஆறு நிமிடத்தில் நடக்கும் தொலைவிலும், ஆக்சிஜனைப் பயன்படுத்தும் உச்ச அளவிலும் இரு குழுக்களுக்கும் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை. ஆனால் வாழ்க்கைத் தரம், மனநிலை, 'என்னால் பயிற்சி செய்ய முடியும்' என்னும் நம்பிக்கை ஆகியவற்றில் தாய்ச்சிக் குழு மேம்பட்டிருந்தது. 2017இல் வெளிவந்த மற்றோர் அமெரிக்க ஆய்வு, இதய மறுவாழ்வுப் பயிற்சிக்கு வர மறுத்த 29 பேரை மட்டும் எடுத்துக்கொண்டது. அவர்கள் தாய்ச்சிக்கு வந்தனர். அது பாதுகாப்பாக இருந்தது. நீண்ட காலம் பயின்றவர்கள் அன்றாட வாழ்விலும் கூடுதலாக இயங்கலாயினர். இருபத்தொன்பது பேர் என்பது சிறிய எண்ணிக்கை என்பதை மறக்கலாகாது.

நம் நாட்டில் இதே கேள்வி யோகத்தைக் கொண்டு, மிகப் பெரிய அளவில் கேட்கப்பட்டது. மருத்துவர் துரைராஜ் பிரபாகரன் தலைமையில் 24 மருத்துவமனைகளில், மாரடைப்பு வந்த 3,959 பேரிடம் நிகழ்ந்த அவ்வாய்வு 2020இல் வெளிவந்தது. ஒரு சாராருக்கு ஆசனம், மூச்சுப் பயிற்சி, தியானம், வாழ்முறை அறிவுரை அடங்கிய பதின்மூன்று வகுப்புகள் பன்னிரண்டு வாரங்களில் அளிக்கப்பட்டன. மறுசாரார் வழக்கமான கவனிப்போடு சில கூடுதல் அறிவுரைகள் பெற்றனர். இறப்பு, மீண்டும் மாரடைப்பு, பக்கவாதம், அவசர மருத்துவமனைச் சேர்க்கை ஆகியன யோகக் குழுவில் நூற்றுக்கு 6.7 பேருக்கும் மற்றக் குழுவில் 7.4 பேருக்கும் நேர்ந்தன. இவ்வேறுபாடு தற்செயலாகவும் அமைந்திருக்கக்கூடிய அளவினது. எனவே யோகம் மாரடைப்பு மீளாமல் தடுக்கும் என்று இவ்வாய்வைக் கொண்டு சொல்ல முடியாது. எனினும் யோகக் குழுவினர் தம் உடல்நலத்தைச் சற்று உயர்வாக மதிப்பிட்டனர். நோய்க்கு முன் செய்துவந்த செயல்களுக்கும் கூடுதலாகத் திரும்பினர்.

இவ்வாய்வில் மாணவர் ஆழ்ந்து நோக்க வேண்டிய இடம் ஒன்றுண்டு. பத்து வகுப்புகளுக்கு மேல் வந்தவர்களிடம் பாதிப்பு மிகக் குறைவாக இருந்தது. உடனே, நிறைய வகுப்பு நிறைய நலம் எனச் சொல்லத் தோன்றும். ஆனால் பத்து வகுப்புக்கு வர முடிந்தவர்கள் முதலிலேயே ஓரளவு நலமாக இருந்தவர்களாகவும் இருக்கலாம்! மூச்சுத்திணறலோடு கிடப்பவர் எவ்வாறு வகுப்புக்கு வருவார்? ஆய்வாளர் குலுக்கல் முறையில் குழுக்களைப் பிரிப்பது இத்தகைய மயக்கத்தைத் தவிர்ப்பதற்கே.

மீண்டும் தறிக்கு

தாய்ச்சியாயினும் எட்டுத் துண்டுப் பட்டாயினும் யோகமாயினும் மாத்திரைக்கு மாற்றாகா. குருதி உறைவைத் தடுக்கும் மாத்திரையை, குறிப்பாக அடைப்புக்கு வலைக்குழாய் வைத்தவர், தாமாக நிறுத்துவது உயிருக்கே ஆபத்தாகலாம். 'இயற்கைப் பயிற்சி செய்கிறேன், மாத்திரை எதற்கு?' என்னும் பேச்சை நம் வீடுகளில் கேட்டிருப்போம். அவ்வாறு சொல்பவரைத் தடுப்பது இளையோரின் கடமை. 2021இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் குருதி அழுத்தத்துக்கும் நீரிழிவுக்கும் உரிய மாத்திரைகள் வீட்டுக்கே வருகின்றன. அவற்றை வாங்கிப் பெட்டியில் வைத்துவிடுவோரும் உளர்.

மருத்துவர் ஒப்புதல் தந்த பின்னரே பயிற்சியைத் தொடங்க வேண்டும். நிற்க இயலாதவர் நாற்காலியில் அமர்ந்தே கைப்பயிற்சிகளைச் செய்யலாம். இதயத் துடிப்பைக் குறைக்கும் மாத்திரை உண்போர்க்கு நாடியை எண்ணிப் பார்ப்பது சரியான அளவுகோல் ஆகாது. பயிற்சியின்போது மூச்சிரைக்காமல் ஒரு முழு வாக்கியம் பேச முடிகிறதா என்று பார்ப்பதே எளிய வழி. பேச்சு தடைப்பட்டால் வேகத்தைக் குறைக்க வேண்டும். நெஞ்சில் இறுக்கம், இடக்கைக்கோ தாடைக்கோ பரவும் வலி, திடீர் வியர்வை, மயக்கம் ஆகியவற்றுள் ஒன்று தோன்றினாலும் உடனே நிறுத்தி, 108ஐ அழைக்க வேண்டும். 'வாயுத்தொல்லையாக இருக்கும்' எனக் காத்திருக்கும் நேரத்தில்தான் இதயத்தசை அழிகிறது.

நம் நெசவாளர் எத்தனை நாளில் தறிக்குத் திரும்பலாம் என்பது அவருடைய இதயத்தின் நிலையைப் பொறுத்தது. அதை மருத்துவரே சொல்ல வேண்டும். குழிக்குள் இறங்கி ஏறுவதற்கு முழங்கால் மடிந்து நிமிர வேண்டும். மிதிக்கக் கெண்டைக்கால் இயங்க வேண்டும். நாடா ஓட்டத் தோள் தளர்வாக இருக்க வேண்டும். வில் வளைக்கும் இரண்டாம் அசைவில் முழங்காலும் தோளும், குதிகால் உயர்த்தும் எட்டாம் அசைவில் கெண்டைக்காலும் இவற்றையே பழகுகின்றன. முதல் நாள் ஐந்து நிமிடம் நின்றவர், சில வாரங்களில் எட்டு அசைவுகளையும் முடிப்பார். அருகில் மனைவியோ மகளோ உடன் நின்று செய்தால் அச்சமும் குறையும். பிறகு ஒரு காலையில் போர்த்திய வேட்டியை எடுத்துவிட்டு, துணையாளை அழைத்து, ஊடை ஓட்டிப் பார்க்கலாம். முதலில் அரை மணி நேரம் மட்டும்.

கற்பவை கற்றபின்

உங்கள் ஊரில் அமர்ந்தே செய்யும் தொழில் ஒன்றைத் தேர்ந்து, அதில் ஈடுபடுவோர் ஒரு நாளில் எத்தனை முறை எழுந்து நடக்கின்றனர் எனக் கேட்டு எழுதுக.

போதிதருமர் பற்றி நீங்கள் கேட்ட செய்திகளுள் மரபு எது, ஆவணம் எது எனப் பிரித்துக் காட்டுக.

'பத்து வகுப்புகளுக்கு மேல் வந்தவர்கள் நலமாக இருந்தனர்' என்பதிலிருந்து தவறான முடிவு எவ்வாறு பிறக்கும் என்பதை, உங்கள் பள்ளி வாழ்விலிருந்து ஓர் எடுத்துக்காட்டுத் தந்து விளக்குக.